உடையிலிருந்து தொடங்குங்கள்: சிற்பி ரௌக்கை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு

பெர்லினின் உன்டர் டென் லிண்டன் வீதியில் நடக்கிற எவரும் கிறிஸ்டியான் டானியேல் ரௌக்கின் வேலையைப் பார்க்காமல் கடந்துவிட முடியாது. வீதியின் நடுவே பதின்மூன்றரை மீட்டர் உயரத்தில் எழுந்து நிற்கும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரஷ்ய மன்னர் மகா பிரெடரிக்கின் குதிரைச் சிலை அவர் செய்தது. அதற்குச் சற்றுத் தள்ளி மரங்களுக்கிடையே நிற்கும் தளபதிகளும் அவர் கைவேலைதான். பயணிகள் மன்னரைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள். செய்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியச் சிற்பக்கலைக்குள் நுழைய இவரைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கலை வரலாறு படித்திராதவர்களும் பின்பற்றக்கூடிய வகையில், எதை முதலில், எதை அடுத்து, எப்படிப் பார்ப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

பயணம் முழுவதும் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த மனிதருக்குச் சிற்பி என்ன உடை உடுத்தியிருக்கிறார், ஏன்? ரௌக்கின் காலத்தில் சிற்பிகள் மிகக் கடுமையாக மோதிக்கொண்டது இதைப் பற்றித்தான். பெரிய மனிதர்களைக் கிரேக்க, ரோமானிய ஆடையில் காட்டினால்தான் சிலை காலம் கடந்து நிற்கும் என்றது ஒரு தரப்பு. வாழ்ந்தபோது அணிந்த சீருடையிலும் தொப்பியிலும் காட்டாவிட்டால் அது அந்த மனிதரே இல்லை என்றது மறுதரப்பு. ரௌக் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று வேலை செய்தார். அவருடைய எந்தச் சிலைக்கு முன்னால் நின்றாலும் துணியின் மடிப்பிலிருந்து தொடங்கினால், மற்றவை தாமாகப் புரியத் தொடங்கும்.

முதல் படி: புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை

ரௌக் 1777 ஜனவரி 2 அன்று வால்டெக் என்ற சிற்றரசின் அரோல்சன் நகரில் பிறந்தார். தந்தை அந்த அரண்மனையில் பணியாளர். பையனுக்குக் கை வேலையில் திறமை இருந்ததால் உள்ளூர்ச் சிற்பி வாலன்டீனிடமும், பிறகு காசல் நகரில் ரூல் என்ற சிற்பியிடமும் தொழில் கற்றார். 1796இல் தந்தை இறந்தார். பெர்லினைத் தலைநகராகக் கொண்ட பிரஷ்ய அரசின் அரண்மனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அண்ணனும் 1797இல் இறந்தார். இருபது வயதில் குடும்பப் பாரம் தலையில் இறங்கவே, உளியை ஓரமாக வைத்துவிட்டுப் பிரஷ்ய அரண்மனையில் ஏவல் வேலைக்குச் சேர்ந்தார். விரைவிலேயே லூயிசே அரசியின் பணியாளர்களில் ஒருவரானார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பின்னாளில் ஐரோப்பா முழுவதும் பேர் பெற்ற சிற்பி, தன் இருபதுகளின் பெரும்பகுதியை ஓர் அரசியின் அறைக்கு வெளியே காத்திருந்து கழித்தார். ஓய்வு நேரத்தில் களிமண் பிசைந்தார், கலைக்கழகத்துக்குப் போனார், அரசவைச் சிற்பி ஷாடோவிடமிருந்து கற்றுக்கொண்டார். அரசி எப்படித் தலையைத் திருப்புவார், எப்படி நடப்பார் என்பதை நாள்தோறும் பார்த்தார். சிற்பிக்கு முன்னால் சில மணி நேரம் உட்கார்ந்து காட்டும் எவரிடமும் இப்படிப்பட்ட நெருக்கம் கிடைக்காது.

1804இல் விடுப்புக் கிடைத்து ரோமுக்குப் போனார். அங்கே பிரஷ்யத் தூதராக இருந்த வில்ஹெல்ம் ஃபொன் ஹம்போல்ட்டின் வீடு அவருக்கு உறவினர் வீடாயிற்று. டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சன் நண்பரானார். 1810 ஜூலை 19 அன்று லூயிசே அரசி முப்பத்து நான்கு வயதில் இறந்தார். அவருடைய கல்லறைச் சிற்பத்தைச் செய்யும் பொறுப்பு, ஹம்போல்ட்டின் பரிந்துரையும் சேர்ந்து, பழைய பணியாளரான ரௌக்கிடம் வந்தது. அதோடு அவர் வாழ்க்கை திசை மாறியது. 1819இலிருந்து பெர்லினின் குளோஸ்டர் வீதியில் இருந்த பழைய கிடங்குக் கட்டடத்தில் அவருடைய பட்டறை இயங்கியது. ஜெர்மனியின் பல நகரங்களில் இன்று நிற்கும் சிலைகள் அந்தப் பட்டறையிலிருந்தும், அங்கே பயின்ற மாணவர்கள் கையிலிருந்தும் வந்தவை. 1857 டிசம்பர் 3 அன்று டிரெஸ்டனில் காலமானார். உடல் பெர்லினின் டோரோத்தேயன்ஸ்டாட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

இதற்கு மேல் தேதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

இரண்டாம் படி: சிலை எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

அருங்காட்சியகத்தில் ஒரே முகத்தை வெள்ளைச் சாந்திலும் (பிளாஸ்டர்) பளிங்கிலும் வெண்கலத்திலும் பார்க்கும்போது புதியவர்கள் குழம்பிப்போகிறார்கள். எது உண்மையானது என்று கேட்கிறார்கள். வேலை நடக்கும் முறை தெரிந்தால் அந்தக் குழப்பம் நீங்கும்.

சிற்பி முதலில் களிமண்ணில் செய்கிறார். உள்ளே இரும்புக் கம்பியால் ஒரு கூடு இருக்கும். மண் காய்ந்து வெடிக்காமல் இருக்க ஈரத்துணி போர்த்திப் போர்த்தி வேலை தொடரும். சிற்பியின் விரல் நேரடியாகப் பதிவது இந்த நிலையில்தான். களிமண் உருவம் நெடுநாள் தாங்காது என்பதால் அதன்மேல் சாந்து பூசி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சுக்குள் மறுபடியும் சாந்தை ஊற்றினால் கெட்டியான வெள்ளை மாதிரி கிடைக்கும். களிமண் அழிந்துவிடும். ஆகவே சிற்பியின் முதல் எண்ணத்துக்கு மிக அருகில் நமக்குக் கிடைப்பது இந்தச் சாந்து மாதிரிதான். வெளுத்துத் தூசி படிந்து கிடக்கிறதே என்று அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பளிங்கு வேண்டுமென்றால், மாதிரியின் மேல் முக்கியமான இடங்களில் புள்ளிகள் குறிப்பார்கள். தூக்குக் குண்டும் கவராயமும் கொண்டு ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் ஆழத்தையும் அளந்து கல்லில் துளையிடுவார்கள். துளைகள் வரை கல்லைக் கழிக்கும் வேலையைப் பட்டறை உதவியாளர்கள் செய்வார்கள். முகம், விரல், துணியின் விளிம்பு போன்ற மேல்தோல் வேலையை ஆசிரியர் செய்வார், அல்லது அருகில் நின்று செய்விப்பார். வெண்கலம் என்றால் மாதிரி வார்ப்பாலைக்குப் போகும். பகுதி பகுதியாக வார்த்து, இணைத்து, இணைப்புகளை உளியாலும் அரத்தாலும் சீர்செய்வார்கள். ஒரே மாதிரியிலிருந்து பல பிரதிகள் வருவது அன்று இயல்பான தொழில் வழக்கம். அதனால் ஒரு ரௌக் சிலைக்கு முன் நிற்கும்போது மூன்று கேள்விகள் உதவும்: மாதிரி யாருடையது, கல்லைச் செதுக்கியவர் அல்லது உலோகத்தை வார்த்தவர் யார், இப்போது இருப்பது அதே இடத்தில் நின்ற அதே பொருள்தானா. கடைசிக் கேள்வி பெர்லினில் மிக முக்கியம். போரும் அரசியலும் அந்த நகரத்தின் சிலைகளைப் பலமுறை இடம் மாற்றியிருக்கின்றன.

மூன்றாம் படி: உயிரோடிருக்கும் லூயிசே, உறங்கும் லூயிசே

பெர்லினில் முதல் நாளை இரண்டு சிற்பங்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். அதில் முதலாவது ரௌக் செய்ததே இல்லை. அருங்காட்சியகத் தீவிலுள்ள பழைய தேசியக் கலைக்கூடத்துக்குப் போய், ஷாடோ செய்த இரு இளவரசிகளின் பளிங்குச் சிற்பத்தைப் பாருங்கள். 1797இல் முடிந்தது. லூயிசேயும் அவர் தங்கை பிரீடரிக்கேயும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். மெல்லிய துணி உடலோடு ஒட்டி வழிகிறது. பழங்காலத்து வடிவம், ஆனாலும் அன்றைய பெர்லின் பெண்கள் உண்மையில் உடுத்திய உடையும் அதுவே. உடைச் சண்டையே இல்லாமல் இரண்டும் ஒன்றான அபூர்வக் கணம் அது. பின்னாளில் ரௌக் எதைத் தேடினார் என்பது இந்தச் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும்.

பிற்பகலில் ஷார்லோட்டன்பர்க் அரண்மனைக்குப் போங்கள். விலங்குக்காட்சிசாலை ரயில் நிலையத்திலிருந்து எம் 45 பஸ் அங்கே போகிறது. அரண்மனைக்குள் நுழைய வேண்டாம். பின்னாலுள்ள பூங்காவில் ஊசியிலை மரங்கள் இருபுறமும் நிற்கும் ஒரு நடைபாதையின் முடிவில் சிறிய கோயில்போன்ற கல்லறை மண்டபம் இருக்கிறது. குளிர்காலத்தில் பொதுவாக அது மூடியிருக்கும். பழுதுபார்ப்பு வேலைக்காகவும் மூடுவதுண்டு. அரண்மனைகளை நிர்வகிக்கும் அமைப்பின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. முன்பக்கத் தூண்கள் சிவப்புக் கருங்கல்லால் ஆனவை. முதலில் மணற்கல்லில் கட்டப்பட்ட முகப்பைக் கழற்றி ஹாவெல் ஆற்றிலுள்ள மயில் தீவுக்குக் கொண்டுபோய், அங்கே அரசிக்கு இன்னொரு நினைவிடம் கட்டினார்கள்.

உள்ளே லூயிசே படுத்திருக்கிறார். அவர் கணவரான அரசர் கேட்டது உறங்குவதுபோன்ற உருவம். ரௌக் அதைத் தந்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கைகள் உடல்மேல் தளர்ந்து கிடக்கின்றன. கால்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஐரோப்பியக் கல்லறைகளில் அரசர்களும் அரசிகளும் கை கூப்பி, கால் நீட்டி, விறைத்துக் கிடப்பார்கள். கால்மேல் கால் போட்டு உறங்கும் அரசி அதுவரை வந்த மரபிலிருந்து விலகிய துணிவான முடிவு. துணியைப் பாருங்கள். போர்வையும் இல்லை, அரச அங்கியும் இல்லை. மார்பிலிருந்து பாதம் வரை மெல்லிய மடிப்புகள் உடலின் வடிவத்தைத் தொடர்ந்து ஓடுகின்றன. தலையிலிருக்கும் மகுட வளையம் ஒன்றுதான் பதவியைச் சொல்கிறது.

ஒரு பக்கம் மட்டும் நின்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். முடிந்தவரை சுற்றி வாருங்கள். பாதத்தின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது மடிப்புகள் குறுகி நெருங்கும். பக்கவாட்டில் அவை நீண்டு ஓடும். முகத்துக்கு அருகே வந்தால் ஷாடோவின் இளம் லூயிசேயை நினைத்துப் பாருங்கள். அதே பெண்; பதின்மூன்று ஆண்டுகளும் பல பிரசவங்களும் நெப்போலியனிடம் நாடு தோற்ற அவமானமும் இடையில் போயிருக்கின்றன.

இந்தக் கல் பெர்லினுக்கு வந்த கதையும் தெரிந்திருக்க வேண்டும். ரௌக் இதை இத்தாலியில் கராரா பளிங்கில் செதுக்கினார். கப்பலில் அனுப்பியபோது பிரிட்டனும் அமெரிக்காவும் போரில் இருந்தன. அமெரிக்கத் தனியார் போர்க்கப்பல் ஒன்று அந்தக் கப்பலைப் பிடித்தது. பிரிட்டிஷார் அதை மீட்டார்கள். ஒருவழியாக 1815 மே மாதம் சிற்பம் இந்த மண்டபத்தில் வைக்கப்பட்டது. அடுத்த மாதமே வாட்டர்லூ போர் நடந்தது. நெப்போலியனிடம் அவமானப்பட்ட அரசியின் உருவம் வந்து சேர்ந்ததும், நெப்போலியனின் வீழ்ச்சியும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நிகழ்ந்தது மக்கள் மனத்தில் இந்தச் சிற்பத்துக்குத் தனி இடத்தைக் கொடுத்தது.

அருகில் படுத்திருக்கும் அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமின் சிற்பமும் ரௌக் செய்ததே, முப்பது ஆண்டுகள் கழித்து. அவர் சீருடைமேல் போர்த்திய மேலங்கியோடு இருக்கிறார். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். அதே மண்டபத்தில் அவர்கள் மகன் முதலாம் வில்லியம், மருமகள் அகுஸ்டா ஆகியோரின் சிற்பங்களை என்கே என்ற பிற்காலச் சிற்பி செய்தார். அவை திறமையான வேலைகள், ஆனால் என் கண் ஒவ்வொரு முறையும் லூயிசேயிடமே திரும்பிப் போகிறது.

ரௌக்குக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அதே அரசியை மறுபடியும் பளிங்கில் செய்தார். 1827இல் முடிந்த அந்த இரண்டாம் சிற்பம் பொட்ஸ்டாமில் சான்சூசிப் பூங்காவின் பழங்கலைக் கோயிலில் வைக்கப்பட்டது.

நான்காம் படி: தளபதிகளின் மேலங்கி

இரண்டாம் நாள் உன்டர் டென் லிண்டனுக்கு வாருங்கள். யு 5 மெட்ரோவில் அருங்காட்சியகத் தீவு நிலையத்தில் இறங்கலாம். கட்டடக் கலைஞர் ஷின்கல் கட்டிய புதிய காவல் மாளிகையை முதலில் கண்டுகொள்ளுங்கள். நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட ஷார்ன்ஹோர்ஸ்ட், பூலோ ஆகிய இரு தளபதிகளுக்கு 1822இல் ரௌக் செய்த பளிங்குச் சிலைகள் அதன் இருபுறமும் நின்றன. கட்டடமும் சிலைகளும் ஒன்றாகச் சிந்திக்கப்பட்டவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவற்றை அகற்றினார்கள். 2002இலிருந்து அவற்றின் இடம் வீதியின் எதிர்ப்பக்கம். அங்கேயே, ஓபரா மாளிகைக்கு அடுத்த தோட்டத்தில், வெண்கலத்தில் புளூஷர் (1826), யார்க், கிநைசனௌ (இருவரும் 1855) நிற்கிறார்கள்.

உடைச் சண்டைக்கு ரௌக் கண்ட தீர்வு இங்கே தெளிவாகத் தெரிகிறது. தளபதிகள் எல்லோரும் தம் காலத்துச் சீருடையில்தான் இருக்கிறார்கள்: பொத்தான், காலணி, வாள் எல்லாம் உண்டு. அதற்குமேல் ஒரு பெரிய மேலங்கி. அந்த மேலங்கி தோளிலிருந்து சரிந்து, ஒரு கையைச் சுற்றி, கால்வரை விழும்போது ரோமானியச் சிலையின் மடிப்புகள் அனைத்தும் வந்துவிடுகின்றன. சீருடை மனிதரைச் சொல்கிறது, மேலங்கி சிலைக்கு வேண்டிய கனத்தைத் தருகிறது. ஷார்ன்ஹோர்ஸ்ட்டின் மேலங்கி அமைதியாக விழுகிறது, ஏனெனில் அவர் படையைத் திட்டமிட்டுச் சீரமைத்த சிந்தனையாளர். புளூஷர் உருவிய வாளோடு, ஒரு காலைப் பீரங்கிமேல் ஊன்றி நிற்கிறார். துணியும் அவரோடு சேர்ந்து முறுக்கேறி நிற்கிறது. துணியை மட்டும் பார்த்தே இருவரின் சுபாவத்தையும் சொல்லிவிடலாம்.

சிலைகள் இடம் மாறியதால் நாம் இழந்தது ஒன்று உண்டு. ஷார்ன்ஹோர்ஸ்ட்டும் பூலோவும் ஷின்கலின் இருண்ட, கனத்த தூண்வரிசைக்கு முன்னால் வெள்ளையாகத் தெரியும்படி செய்யப்பட்டவர்கள். இப்போது அவர்களுக்குப் பின்னணி மரங்கள். வீதியைக் கடந்து காவல் மாளிகைக்கு முன்னால் சற்று நின்று, அவர்களை அந்த இடத்தில் மனத்தால் நிறுத்திப் பாருங்கள். சிற்பியின் கணக்கு விளங்கும்.

ஐந்தாம் படி: மகா பிரெடரிக், குறைந்தது ஒரு மணி நேரம்

இப்போது மேற்கே சற்று நடந்தால் வீதியின் நடுத் திட்டில் பெரிய சிலை. மன்னர் கிழக்கு நோக்கி, அரண்மனை இருந்த திசையில் குதிரையைச் செலுத்துகிறார். ஆகவே காலை வெயில் முகத்தில் விழும். முன்பக்கத்தைக் காலையிலும் பின்பக்கத்தை மாலையிலும் பார்ப்பது நல்லது. சிறிய தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால் மிகவும் உதவும். இருபுறமும் வாகனங்கள் ஓடும், கவனமாக நடுத் திட்டிலேயே சுற்றி வாருங்கள்.

இந்தச் சிலைக்கான யோசனைகள் மன்னர் உயிரோடிருந்த காலத்திலேயே தொடங்கிவிட்டன. 1786இல் அவர் இறந்தபின் ஷாடோ, கில்லி, ஷின்கல் என்று ஒவ்வொருவரும் திட்டம் தீட்டினார்கள். ஒருவர் பெரிய கோயிலையே வரைந்தார். மன்னருக்கு ரோமானிய அங்கியா, பிரஷ்யச் சீருடையா என்பதே தீராத வழக்காக இருந்தது. கடைசியில் மன்னர் பட்டமேறி நூறாண்டு ஆன 1840இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அப்போது ரௌக்குக்கு அறுபத்து மூன்று வயது. 1851 மே 31 அன்று திரை விலகியது.

முதலில் முன்னால் நின்று மேலே பாருங்கள். முக்கோணத் தொப்பி, பழைய சீருடை, கையிலிருந்து தொங்கும் வளைபிடிக் கைத்தடி. மக்கள் நினைவில் இருந்த கிழட்டு மன்னர் அப்படியே இருக்கிறார். இனிப் பின்னால் போய்ப் பாருங்கள். மென்மயிர் விளிம்பு வைத்த அரச மேலங்கி தோளிலிருந்து குதிரையின் பின்பக்கம் வரை பரந்து விழுகிறது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ரோம் நகரத்துப் பேரரசர்களில் ஒருவர். ஒரே உருவத்தில் இரு தரப்புக்கும் விடை சொல்லியிருக்கிறார் ரௌக். ஐம்பது ஆண்டு வாக்குவாதம் இந்த ஒரு மேலங்கியில் முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, பீடம். நம் கோயில் கோபுரத்தில் தளம் தளமாக உருவங்கள் நிறைந்திருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாக இருக்காது. மேல் தளத்தில் மன்னரின் வாழ்க்கைக் காட்சிகள் புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. மூலைகளில் நற்குணங்கள் பெண்ணுருவில் அமர்ந்திருக்கின்றன. அதற்குக் கீழே, ஆளுயரத்தில், அவர் காலத்துப் பிரஷ்யாவின் 74 மனிதர்கள். நான்கு மூலைகளிலும் குதிரைமேல் இளவரசர் ஹைன்ரிக், பிரவுன்ஷ்வைக் கோமகன் ஃபெர்டினாண்ட், சீட்டன், சைட்லிட்ஸ். அவர்களுக்கு நடுவே தளபதிகளும் அமைச்சர்களும். சிலர் முழு உருவமாக வெளியே நிற்கிறார்கள், சிலர் பின்னணியில் பாதி புதைந்திருக்கிறார்கள். ஆழம் மாறி மாறி வருவதால்தான் இத்தனை பேர் இருந்தும் நெரிசல் தெரியவில்லை. ஒவ்வொரு முகமும் தனித்தனி மனிதரின் முகம். எழுபது வயதை எட்டிய சிற்பி பழைய ஓவியங்களையும் முகச்சாடைகளையும் தேடித் தேடி இத்தனை பேரையும் அடையாளம் தெரியும்படி செய்தார் என்பதை நினைத்துக்கொண்டு நிதானமாகச் சுற்றுங்கள்.

மேற்குப் பக்கம் வரும்போது, மன்னருடைய குதிரையின் வாலுக்குக் கீழே, மெய்யியலாளர் காண்டும் எழுத்தாளர் லெஸ்ஸிங்கும் உரையாடுவதுபோல் நிற்பதைக் காண்பீர்கள். அருகில் இசையமைப்பாளர் கிரௌன். படைத்தளபதிகளுக்கு மூன்று பக்கம், அறிஞர்களுக்குப் பின்பக்கத்தின் ஒரு பகுதி. பெர்லின்வாசிகள் இதைப் பற்றி அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் இது உறுத்துகிறது. அரசு கேட்ட நினைவுச்சின்னத்தில் யாருக்கு எந்த இடம் என்பதைச் சிற்பி மட்டும் முடிவு செய்வதில்லை. ஆனால் காண்டின் முகத்தில் ரௌக் காட்டிய அக்கறை எந்தத் தளபதிக்குக் காட்டியதற்கும் குறைந்ததில்லை. பிறகு அவரைத் தனிச் சிலையாகவே செய்தார். ரௌக் இறந்தபின் 1864இல் காண்டின் ஊரான கோனிக்ஸ்பர்க்கில் அது நிறுவப்பட்டது. போரின் முடிவில் காணாமல் போனது. இன்று கலினின்கிராட் என்றழைக்கப்படும் அந்த நகரத்தில் 1992இல் அதே வடிவில் மீண்டும் வார்த்து நிறுத்தினார்கள்.

பெர்லின் சிலையும் பயணப்பட்டதுதான். 1950இல் கிழக்கு ஜெர்மன் அரசு அதைப் பிரித்தெடுத்து அகற்றியது. பல ஆண்டுகள் பொட்ஸ்டாம் பூங்காவில் நின்றது. 1980இல் அதே அரசு அதை உன்டர் டென் லிண்டனுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது, பழைய இடத்திலிருந்து சில மீட்டர் தள்ளி. நகரம் ஒன்றான பிறகு புதுப்பித்துச் சரியான இடத்தில் நிறுத்தினார்கள்.

ஆறாம் படி: சிறியவற்றைத் தவறவிடாதீர்கள்

ஷின்கல் செங்கல்லில் கட்டிய பிரீட்ரிக்ஸ்வெர்டர் தேவாலயம் இப்போது தேசியக் கலைக்கூடத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிற்பங்களுக்கான கூடம். அருகில் நடந்த கட்டுமானங்களால் சுவர்களில் விரிசல் விட்டு 2012இலிருந்து மூடிக் கிடந்த கட்டடம், 2020இல் மறுபடி திறந்தது. ரௌக்கையும் அவர் நண்பர்களையும் மாணவர்களையும் கையெட்டும் தூரத்தில் பார்க்கக்கூடிய இடம் இது. சாந்து மாதிரிகளைப் பற்றி மேலே சொன்னதை இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

ரௌக் செய்த கவிஞர் கோதேயின் உருவங்களை எங்கு கண்டாலும் நில்லுங்கள். 1820 ஆகஸ்டில் ரௌக்கும் டீக் என்ற நண்பரும் ஷின்கலோடு யேனா நகருக்குப் போய், எழுபது வயதுக் கவிஞரை எதிரே உட்காரவைத்து இருவரும் ஒரே நேரத்தில் தனித்தனியே மார்பளவு உருவம் செய்தார்கள். ரௌக்கின் கோதே தலையைச் சட்டென்று திருப்பி யாரையோ பார்க்கிறார். 1828இல் செய்த சிறு உருவத்தில் கவிஞர் வீட்டு அங்கியோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். பெரிய சிலைகளில் துணிக்காக அவ்வளவு போராடியவர், சிறிய உருவத்தில் வீட்டு உடையைத் தயக்கமில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

ஏழாம் படி: ஹாலே

தமிழர்கள் கட்டாயம் போக வேண்டிய இடம் இது. பெர்லினிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பிராங்கே அறநிலையத்தின் நீண்ட முற்றத்தின் முடிவில், 1829இல் ரௌக் செய்த அகுஸ்ட் ஹெர்மன் பிராங்கேயின் வெண்கலச் சிலை நிற்கிறது. இருபுறமும் இரண்டு குழந்தைகள். பீடத்தை வடிவமைத்தவர் ஷின்கல். ‘அவர் இறைவனை நம்பினார்’ என்ற வாசகம் பொறித்திருக்கிறது.

பிராங்கே அநாதைக் குழந்தைகளுக்காக இங்கே இல்லமும் பள்ளிகளும் அமைத்தவர். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் இவரிடம் ஹாலேயில் படித்தவர். சீகன்பால்க் தமிழ் அச்சகம் தொடங்குவதற்கான தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டுக் கடல் கடந்தன. 1715இல் தரங்கம்பாடியில் தமிழ் புதிய ஏற்பாட்டின் அச்சுப் பணி முடிந்தது. அறநிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. பழைய அநாதை இல்லக் கட்டடத்தின் மேல்தளத்திலுள்ள அரும்பொருள் அறையில் தென்னிந்தியாவிலிருந்து போன பொருள்களையும் பார்க்கலாம்.

சிலையின் உடைக்கு வருவோம். பிராங்கே நீண்ட போதகர் அங்கியில் இருக்கிறார். ரௌக்குக்கு இது வசதியாகப் போயிற்று. அங்கியே மேலங்கியின் வேலையைச் செய்துவிடுகிறது. உண்மையையும் மடிப்பழகையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. குழந்தைகள் அந்த அங்கியின் ஓரம் ஒட்டி நிற்பதால் அதற்கு ஓர் அரவணைப்பும் சேர்கிறது. ரௌக்கின் பொதுவெளிச் சிலைகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இது. ரௌக்கின் மகள் ஆக்னஸ், உடற்கூற்றியல் பேராசிரியர் டால்டனை மணந்து இதே ஊரில் வாழ்ந்தார்.

எட்டாம் படி: நாள் மிச்சமிருந்தால்

நியூரம்பர்க்கில் ஓவியர் டூரரின் சிலை (1840), ஜெர்மனியில் ஓர் ஓவியருக்குப் பொதுவெளியில் எழுந்த முதல் பெரிய சிலை. டூரரின் காலத்து மென்மயிர் வைத்த அங்கி ரௌக்குக்குப் பொருத்தமாக அமைந்தது. மியூனிக்கில் தேசிய நாடக அரங்குக்கு முன்னால் அமர்ந்திருக்கும் மாக்ஸ் யோசப் மன்னர் (1835). ரேகன்ஸ்பர்க் அருகே டான்யூப் ஆற்றைப் பார்த்து நிற்கும் வால்ஹல்லா மண்டபத்தில் ஆறு வெற்றித் தேவதைகள். போலந்தின் போஸ்னான் பேராலயத்தில் முதல் போலந்து ஆட்சியாளர் இருவரின் வெண்கல உருவங்கள். பிறந்த ஊரான அரோல்சனில் அவர் பெயரில் அருங்காட்சியகமும், அவர் பிறந்த வீடும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் அடக்கப் பார்க்காதீர்கள்.

ஒன்றை மட்டும் சேர்க்கலாம் என்றால் வைமாரைச் சேருங்கள், ஹாலேயிலிருந்து ரயிலில் போய்வரும் தூரம். நாடக அரங்குக்கு முன்னால் நிற்கும் கோதே–ஷில்லர் இரட்டைச் சிலை ரௌக்கின் மாணவர் ரீட்ஷல் செய்தது. முதலில் இந்த வேலை ரௌக்கிடம்தான் வந்தது. அவர் இரு கவிஞர்களையும் பழங்கால அங்கியில் மாதிரி செய்தார். வெண்கலம் கொடுக்க முன்வந்த பவேரிய மன்னர் லுட்விக், அவர்கள் வாழ்ந்த காலத்து உடைதான் வேண்டும் என்றார். ரௌக் உடன்படாமல் விலகிக்கொண்டார். வேலை மாணவருக்குப் போயிற்று. 1857 செப்டம்பரில், ரௌக் இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, சிலை திறக்கப்பட்டது. கோதே அரசவை உடையில் நிற்கிறார், ஷில்லர் நீண்ட கோட்டில். மேலங்கி இல்லை. ரௌக் துணியிடம் ஒப்படைத்த வேலையை ரீட்ஷல் எதைக்கொண்டு செய்திருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். கோதேயின் இடது கை ஷில்லரின் தோளில் இருக்கிறது, இருவர் கைகளும் ஒரே இலை வளையத்தில் சந்திக்கின்றன. அங்கிருந்து தொடங்குங்கள்.